இரண்டு ஹாப் மைக்ரோவேவ் லிங்கில் வீலேன் பிரிப்பது: எந்த முனையில் தொடங்குவது, எங்கே சிக்கும்

எனக்கு வந்த கேள்வியின் சுருக்கம் இது. (வீலேன் என்பது ஒரே கேபிளில் ஓடும் டிராஃபிக்கை எண்ணிட்ட தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது. அந்த எண்ணைச் சுமந்து ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது டேட்டா துண்டிலும், ஒட்டப்படும் சீட்டுதான் டேக்.) புதுச்சேரி முதலியார்பேட்டையில் இருந்து கிருமாம்பாக்கம் வழியாகக் கடலூர் மஞ்சக்குப்பம் வரை 15 கிகாஹெர்ட்ஸில் இரண்டு ஹாப் (ஒரு டவரில் இருந்து அடுத்த டவருக்கு ஒரு தாவல்), மொத்தம் நான்கு ரேடியோ. கிருமாம்பாக்கத்தில் இரண்டு ரேடியோவுக்கும் நடுவே ஒரு மேனேஜ்டு சுவிட்ச் (உள்ளே போய் அமைப்புகளை மாற்றக்கூடியது). இதுவரை எல்லா டிராஃபிக்கும் டேக் இல்லாமல் கலந்தே ஓடியது. இப்போது மேனேஜ்மென்ட் (கருவிகளையே நிர்வகிக்கும் டிராஃபிக்), ஐபி போன், வாடிக்கையாளர் இன்டர்நெட், கேமரா என்று நான்காகப் பிரிக்க வேண்டும். கேமராவில் சில கிருமாம்பாக்கத்திலேயே இருக்கின்றன. முதலியார்பேட்டை ரேடியோவிலும் மஞ்சக்குப்பம் ரேடியோவிலும் மேனேஜ்மென்ட் வீலேன் 900 என்று போட்டதும் அந்த இரண்டும் பிங்கில் இருந்து மறைந்துவிட்டன. ஆனால் இன்டர்நெட் வழக்கம்போல் ஓடுகிறது. மழை நேரத்தில் போன் குரல் உடைவது தனிப் பிரச்சினை. அடுத்த மாதம் ஃபைபர் பேக்கப் வேறு வருகிறது.

அந்த இரண்டு ரேடியோவும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஃபேக்டரி ரீசெட் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். போனால் ஃப்ரீக்வென்சி, பவர், ஐபி எல்லாம் அழிந்து, ஓடிக்கொண்டிருக்கும் லிங்க்கும் விழும்.

நடந்தது இதுதான். ரேடியோவுக்குள் டிராஃபிக் போகும் பாதை வேறு, வெப் பக்கத்தையும் எஸ்என்எம்பி என்ற கண்காணிப்புத் தகவலையும் தரும் சிபியு வேறு. மேனேஜ்மென்ட் வீலேன் என்ற பெட்டியில் 900 என்று எழுதினால் அது சிபியுவுக்கு மட்டும் பொருந்தும்: இனி 900 டேக் போட்டு வரும் ஃபிரேமுக்கு மட்டுமே பதில் சொல்வேன் என்று அது உட்கார்ந்துவிடும். உங்கள் லேப்டாப் டேக் இல்லாமல் பேசுகிறது, அதனால் பதில் இல்லை. டேட்டா பாதையை நீங்கள் தொடவே இல்லை, அதனால் இன்டர்நெட் ஓடுகிறது.

மீட்பதற்கு எங்கும் வண்டி எடுத்துக்கொண்டு போக வேண்டாம். முதலியார்பேட்டை சுவிட்சில் ரேடியோ செருகியிருக்கும் போர்ட்டில் 900-ஐ டேக்குடன் அனுமதியுங்கள். டேக் இல்லாத வீலேன் 1 அப்படியே இருக்கட்டும். அதே சுவிட்சில் ஒரு காலி போர்ட்டை 900-க்கு அக்சஸ் போர்ட் (செருகிய கருவி டேக் இல்லாமல் பேச, டேக்கை சுவிட்சே கையாளும் போர்ட்) ஆக்கி லேப்டாப்பை அதில் செருகுங்கள். ஐபி முகவரி பழையதே போதும். முதலியார்பேட்டை ரேடியோ உடனே தெரியும். மஞ்சக்குப்பம் தெரியாவிட்டால் தடை பெரும்பாலும் கிருமாம்பாக்கம் சுவிட்ச்தான்: அதில் 900 என்று ஒன்று உருவாக்கப்படாததால் டேக் போட்ட ஃபிரேமை அது வாசலிலேயே போட்டுவிடும். அந்த சுவிட்ச்சும் அங்குள்ள இரண்டு ரேடியோவும் இன்னும் டேக் இல்லாத மேனேஜ்மென்டில் இருப்பதால், லேப்டாப்பைப் பழைய போர்ட்டுக்கு மாற்றி உள்ளே போய், இரண்டு ரேடியோ போர்ட்டிலும் 900-ஐ டேக்குடன் சேருங்கள். பிறகு மீண்டும் 900 போர்ட். மஞ்சக்குப்பம் வந்துவிடும்.

விண்டோஸ் லேப்டாப்பில் நேரடியாக டேக் போட்டுப் பேச முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். பல நெட்வொர்க் கார்டுகளின் டிரைவரில் அந்த வசதியே இருக்காது. சில டிரைவர்கள் உள்ளே வரும் டேக்கை உரித்துவிட்டுத்தான் வயர்ஷார்க் என்ற பாக்கெட் பார்க்கும் மென்பொருளுக்குக் கொடுக்கும், நீங்களோ டேக் வரவில்லை என்று நம்பிவிடுவீர்கள். ஐந்து போர்ட் உள்ள சின்ன மேனேஜ்டு சுவிட்ச் ஒன்றைக் கருவிப் பையில் வைத்திருங்கள்: போர்ட் 1 டேக் இல்லாமல் 900, போர்ட் 5 எல்லா வீலேனும் டேக்குடன். டவர் அடியில் நின்று ரேடியோவுக்குக் கேபிள் வழியே மின்சாரம் தரும் பிஓஇ இன்ஜெக்டரில் போர்ட் 5-ஐச் செருகினால் போதும், மேலே ஏற வேண்டியதில்லை. லினக்ஸ் லேப்டாப் என்றால் ஒரே கட்டளையில் வீலேன் இன்டர்ஃபேஸ் உருவாக்கலாம், இந்தப் பெட்டியும் வேண்டாம்.

இனி முறையாகப் பிரிப்பதற்கு வருவோம். அதற்கு முன் உங்கள் ரேடியோ எந்த ரகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வேலையின் அளவே அதைப் பொறுத்தது.

முதல் ரகம் வெறும் குழாய். ஈதர்நெட் போர்ட்டில் என்ன நுழைகிறதோ அதே எதிர்முனையில் வெளிவரும். டேக்கை அது படிக்காது, அல்லது முன்னுரிமைக்காக மட்டும் எட்டிப் பார்க்கும். யூபிக்விட்டி, கேம்பியம் போன்றவற்றின் பாயிண்ட் டு பாயிண்ட் ரேடியோக்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஓடும். இதில் வீலேன் வேலை என்பது மேனேஜ்மென்ட் டேக் ஒன்றுதான். மற்றதெல்லாம் இரு முனை சுவிட்ச்களில். இரண்டாம் ரகத்தில் ரேடியோவுக்குள்ளேயே ஒரு முழு சுவிட்ச் இருக்கும். ஹுவாவே ஆர்டிஎன், செராகான் ஐபி-20, எரிக்சன் மினி-லிங்க் எல்லாம் இந்த ரகம். இதில் காற்றில் போகும் பக்கமும் ஒரு போர்ட்தான். அதற்கும் வீலேன் பட்டியல் வேண்டும். ஈதர்நெட் போர்ட்டில் 200-ஐச் சேர்த்துவிட்டு ரேடியோ போர்ட்டில் சேர்க்க மறப்பதுதான் இந்த ரகத்தில் நடக்கும் முதல் தவறு. செராகானில் இதையே சர்வீஸ், சர்வீஸ் பாயிண்ட் என்று கட்ட வேண்டும். ஹுவாவேயில் போர்ட்டை டேக் அவேர், அக்சஸ், ஹைப்ரிட் என்று மூன்றில் ஒன்றாகக் குறிக்க வேண்டும். டேக் அவேர் என்றால் டேக் இல்லாத ஃபிரேம் உள்ளே போகாது. அதை வைத்துவிட்டு 'பழைய டிராஃபிக் நின்றுவிட்டதே' என்று விழிப்பவர்கள் நிறைய. டேக் உள்ளதும் இல்லாததும் கலந்து வரும் மாறுதல் காலத்துக்கு ஹைப்ரிட்தான் சரி.

உங்களுடையதில் 'அனுமதித்த வீலேன்' என்று ஒரு பட்டியல் ரேடியோ இன்டர்ஃபேஸின் கீழ் தென்பட்டால் இரண்டாம் ரகம். தென்படாவிட்டால் முதல் ரகம். இரண்டாம் ரகத்தையும் குழாய் போல ஓட்ட முடியும். நான்கே வீலேன் வைத்திருக்கும் உங்கள் அளவு நெட்வொர்க்குக்கு அதுவே மேல் என்பது என் கருத்து. நான்கு ரேடியோவில் எட்டு போர்ட்டில் பட்டியல் பராமரிப்பதைவிட மூன்று சுவிட்சில் பராமரிப்பது எளிது. ஆனால் குழாயாக ஓட்டினாலும் முன்னுரிமையை மட்டும் ரேடியோ படிக்க வேண்டும். அது ஏன் என்று மழைப் பகுதியில் வருகிறது.

எண்கள். டேக்கில் வீலேனுக்கு 12 பிட், அதாவது 0 முதல் 4095. இரு முனையும் ஒதுக்கப்பட்டவை, கையில் 1 முதல் 4094. வீலேன் 1-ஐ எதற்கும் வைக்காதீர்கள்: எந்தப் புது சுவிட்சைச் செருகினாலும் அதன் எல்லா போர்ட்டும் அதில்தான் பிறக்கும். 4094-ஐயும் விட்டுவிடுங்கள், சில ரேடியோக்கள் தங்கள் உள் மேனேஜ்மென்டுக்கு அதை எடுத்துக்கொள்ளும். மேனேஜ்மென்ட் 900, போன் 110, இன்டர்நெட் 200, கேமரா 300 என்று நீங்கள் எழுதியது சரியே. கூடவே 999 என்று ஒன்றை உருவாக்கி, எங்கும் போகாமல், பின்னால் சொல்லும் மூன்றாம் சுற்றில் எல்லா ட்ரங்க் போர்ட்டிலும் (பல வீலேன் டேக்குடன் போகும் போர்ட்) டேக் இல்லாததற்கான நேட்டிவ் வீலேனாக அதை வையுங்கள். வழி தவறி வரும் டேக் இல்லாத ஃபிரேம் அதில் விழுந்து முடிந்துவிடும்.

நேட்டிவ் வீலேன் இரு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். மாறினால் என்ன தெரியும் என்பதைச் சொல்கிறேன்: ஒரு முனையில் நேட்டிவ் 200, மறுமுனையில் 300 என்றால் இரண்டு வீலேனும் லிங்க் நடுவே ஒன்றாகிவிடும். மஞ்சக்குப்பத்தில் கேமரா ரெக்கார்டர் வாடிக்கையாளர் டிஎச்சிபி-யில் இருந்து முகவரி வாங்கியிருந்தால் முதலில் இங்கே தேடுங்கள், பெரும்பாலும் இதுதான் காரணம்.

வேலையை மூன்று சுற்றாகச் செய்யுங்கள்: முதலில் சேர்ப்பது, அடுத்து மாற்றுவது, கடைசியில் நீக்குவது. ஒரே இரவில் மூன்றையும் முடிக்க நினைக்க வேண்டாம்.

முதல் சுற்றில் எதையும் எடுக்கக் கூடாது. மூன்று சுவிட்சிலும் (இரண்டாம் ரகம் என்றால் நான்கு ரேடியோவின் இரு பக்கத்திலும்) 110, 200, 300, 900 நான்கையும் டேக்குடன் சேருங்கள். டேக் இல்லாதது பழையபடி ஓடட்டும். புதிதாக ஒன்று சேர்வதால் பழையது அறுபடாது, அதனால் எந்த முனையில் தொடங்கினாலும் பாதகமில்லை. சேர்த்து முடித்ததும் ஒவ்வொரு வீலேனிலும் இரு முனையிலும் ஒரு லேப்டாப்பையோ ரவுட்டரையோ வைத்துப் பிங் செய்யுங்கள். பாதை முழுக்கத் திறந்திருக்கிறது என்று இதில் நிரூபிக்காமல் இரண்டாம் சுற்றுக்குப் போகக் கூடாது.

இரண்டாம் சுற்றில் மேனேஜ்மென்டை 900-க்கு மாற்றுகிறோம். இங்கேதான் வரிசை முக்கியம். நீங்கள் முதலியார்பேட்டையில் உட்கார்ந்திருந்தால் முதலில் மஞ்சக்குப்பம் சுவிட்ச், அடுத்து மஞ்சக்குப்பம் ரேடியோ, பிறகு கிருமாம்பாக்கத்தின் தெற்கு ரேடியோ, அங்குள்ள சுவிட்ச், வடக்கு ரேடியோ, கடைசியாக உங்கள் பக்கத்து ரேடியோ. உங்களிடம் இருந்து தூரமானது எப்போதும் முதலில். ஒவ்வொன்றையும் மாற்றியதும் 900 போர்ட்டில் இருந்து அது தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. ஏற்கெனவே இரண்டு ரேடியோ 900-இல் இருப்பதால் உங்களுக்கு மீதி குறைவு, வரிசை மட்டும் மாற வேண்டாம். இரண்டாம் ரக ரேடியோவில் மேனேஜ்மென்டும் அதே உள் சுவிட்ச் வழியாகவே சிபியுவுக்குப் போகும். பக்கத்து ரேடியோவில் கை தவறினால் அதற்கு அப்பால் உள்ள மூன்றும் சேர்ந்து மறையும். தூரத்தில் கை தவறினால் அந்த ஒன்றுதான் மறையும்.

குறிப்பிட்ட நிமிடத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் பழைய கான்ஃபிக் தானாகத் திரும்பும் வசதி உங்கள் கருவியில் இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். மைக்ரோடிக்கில் சேஃப் மோட், சிஸ்கோ சுவிட்சில் சேவ் செய்யாமல் 10 நிமிட ரீலோட் போட்டுவைப்பது, இரண்டும் அதே காரியத்தைச் செய்யும்.

மூன்றாம் சுற்று, டேக் இல்லாததை நீக்குவது. குறைந்தது ஒரு வாரம் கழித்து, சுவிட்ச்களின் மேக் டேபிளில் (எந்தக் கருவியின் முகவரி எந்த போர்ட்டில் என்ற பட்டியல்) வீலேன் 1-இன் கீழ் எந்த முகவரியும் வரவில்லை என்று பார்த்த பிறகு செய்யுங்கள். யாரோ ஒருவரின் ஏடிஎம் ரவுட்டரோ யுபிஎஸ் கார்டோ அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்.

கிருமாம்பாக்கத்தில் கேமராவை இறக்குவது சிரமமே இல்லை: சுவிட்சில் அந்த போர்ட் 300-க்கு அக்சஸ், அவ்வளவுதான். இரண்டு ரேடியோவையும் சுவிட்ச் இல்லாமல் ஒரே கேபிளில் முதுகோடு முதுகாக இணைத்திருந்தால்தான் ரேடியோவுக்குள் கைவைக்க வேண்டியிருக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும்: சுவிட்ச் பழுதான நாளில் கையில் கிடைத்த மேனேஜ் இல்லாத எட்டு போர்ட் சுவிட்சை மாட்டிவிடுவது வழக்கம். பெரும்பாலானவை டேக் ஃபிரேமை அப்படியே கடத்தும், எல்லாம் ஓடுவது போலவே இருக்கும். ஆனால் அந்த கேமரா போர்ட்டுக்கு நான்கு வீலேனின் பிராட்காஸ்டும் டேக்கோடு வந்து கொட்டும், கேமராவோ டேக் இல்லாமல் பேசி யாருக்கும் கேட்காது. பழைய மாடல் என்றால் அடுத்து சொல்லும் அளவுப் பிரச்சினையும் சேரும்.

அது ஃபிரேம் அளவு. சாதாரண ஈதர்நெட் ஃபிரேம் அதிகபட்சம் 1518 பைட். 802.1க்யூ என்ற தரவிதியின் வீலேன் டேக் 4 பைட் சேர்க்கிறது, 1522. ஒரு டேக்குக்கு மேல் இன்னொரு டேக் போட்டால் 1526. ரேடியோவின் ஈதர்நெட் போர்ட்டில் உச்ச அளவு 1518 என்று நின்றிருந்தால் சின்ன ஃபிரேம் எல்லாம் போகும், நிறைந்த ஃபிரேம் சத்தமில்லாமல் விழும். பிங் நன்றாக வரும், போன் பேசும், ஆனால் சில வெப்சைட்டுகள் பாதியில் தொங்கும். சோதிப்பது எளிது: துண்டாக்காதே என்ற குறியோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள். 1472-உடன் ஐசிஎம்பி தலைப்பு 8, ஐபி தலைப்பு 20 சேர்ந்து 1500. அது போகாமல் 1468 போனால் எங்கோ 4 பைட் இடம் குறைகிறது என்று பொருள். டேக்குக்கு இடம் விடாத போர்ட் அது. நான்கு ரேடியோவிலும் மூன்று சுவிட்சிலும் குறைந்தது 1600 வையுங்கள், கருவி இடம் கொடுத்தால் 2000-க்கு மேல் போங்கள். வாடிக்கையாளர் பிபிபிஓஇ-யில் (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) இருந்தால் அவர் பக்கம் எல்லை 1492, அங்கே சோதனைப் பிங் 1464 பைட். அதைக் கண்டு ரேடியோவைக் குறை சொல்ல வேண்டாம். இரட்டை டேக் போடும்போது வெளி டேக்கின் அடையாளம் ஒரு முனையில் ஹெக்ஸ் 88ஏ8, மறுமுனையில் 8100 என்று இருந்தால் மொத்த சர்வீஸும் ஊமையாகும். உங்களுக்கு இரட்டை டேக் தேவையே இல்லை, வேறு நிறுவனத்தின் வீலேன்களை அவர்கள் எண்ணோடே சுமக்கும் நாள் வரும்வரை.

இப்போது மழை. நீங்கள் இதைத் தனிப் பிரச்சினை என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் வீலேன் பிரிப்பதன் முழுப் பயனும் இங்கேதான் இருக்கிறது.

15 கிகாஹெர்ட்ஸில் மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டினால் ஒரு கிலோமீட்டருக்குச் செங்குத்து போலரைசேஷனில் ஏறக்குறைய 6 டெசிபெல்லும் கிடைமட்டத்தில் 8 டெசிபெல்லும் கரையும். உங்கள் முதல் ஹாப் இரண்டாவதைவிட நீளம். கனமழை அந்தத் தூரம் முழுக்க ஒரே வேகத்தில் பெய்யாது என்றாலும், வடகிழக்குப் பருவமழையில் கடலூர், புதுச்சேரி கரையோரம் என்ன வாங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது.

அடாப்டிவ் மாடுலேஷன் உள்ள ரேடியோ இந்த நேரத்தில் லிங்க்கை விடாது, வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 28 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 256 க்வாம் என்ற வேகமான மாடுலேஷனில் 180 மெகாபிட் போல ஓடுவது, க்யூபிஎஸ்கே என்ற மெதுவான, ஆனால் உறுதியான மாடுலேஷனுக்கு இறங்கினால் 40 மெகாபிட் சுமார். லிங்க் விளக்கு பச்சையாகவே இருக்கும். ஆனால் சுவிட்ச் 1 கிகாபிட் வேகத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். ரேடியோவின் பஃபர் நிரம்பி, எது முக்கியம் என்று பார்க்காமல் தூக்கி எறியும். அதில் போன் பாக்கெட்டும் போகிறது, உங்கள் மேனேஜ்மென்டும் போகிறது. மழையில் ரேடியோவின் வெப் பக்கம் திறக்காததைப் பார்த்து வீலேனை நோண்ட ஆரம்பிப்பவர்கள் உண்டு. கைவைப்பதற்கு முன் ரிசீவ் லெவல், மாடுலேஷன் பதிவு இரண்டையும் பாருங்கள். மழை நின்று மாடுலேஷன் ஏறியதும் எல்லாம் தானாகச் சரியானால் கான்ஃபிக்கில் பிழை இல்லை, முன்னுரிமைதான் இல்லை.

இதை சுவிட்சில் வேகக் கட்டுப்பாடு போட்டுத் தீர்க்க முடியாது. எந்த எண்ணைப் போடுவீர்கள்? 180 என்று போட்டால் மழையில் பயனில்லை, 40 என்று போட்டால் வெயில் நாளெல்லாம் வீண். இந்த நிமிடம் காற்றில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிந்தது ரேடியோ ஒன்றுக்குத்தான், அதனால் வரிசைப்படுத்தலும் அங்கேயே நடக்க வேண்டும். டேக்கில் உள்ள 3 பிட் முன்னுரிமையை, பிசிபி என்பார்கள், ரேடியோ நம்பும்படி வையுங்கள். நான்கு ரேடியோவிலும் வேண்டும்: இன்டர்நெட் டவுன்லோட் நெரியும் இடம் முதலியார்பேட்டை ரேடியோ, கேமரா நெரியும் இடம் மஞ்சக்குப்பம் ரேடியோ, ஒரு ஹாப்பில் மட்டும் மழை என்றால் கிருமாம்பாக்கம்.

மேனேஜ்மென்ட் 6, போன் 5, கேமரா 3, இன்டர்நெட் 0 என்று கொடுங்கள். கேமராவுக்கு 1 கொடுக்கலாமே, 0-வைவிட ஒன்று கூடத்தானே என்று தோன்றும். தரவிதிப்படி 1 என்பது பேக்ரவுண்ட் வகுப்பு, 0-வுக்கும் கீழே. சில ரேடியோ அப்படி நடத்தும், சில எண் வரிசையில் நடத்தும். 2-இலும் பழைய, புதிய விதிகளுக்கு இடையே இதே குழப்பம் உண்டு. இரண்டையும் தொடாமல் 3-க்குப் போய்விட்டால் எல்லாக் கருவியும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும்.

மேனேஜ்மென்ட், போன் இரண்டுக்கும் ஸ்ட்ரிக்ட் முன்னுரிமை (எப்போதும் இவையே முதலில்), ஆனால் உச்சவரம்போடு. ஜி.711 என்ற குரல் குறியீட்டில் ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் ஈதர்நெட் தலைப்பெல்லாம் சேர்த்து 90 கிலோபிட்டுக்குள். ஒரே நேரத்தில் 50 பேர் பேசினாலும் 4.5 மெகாபிட். போனுக்கு 8, மேனேஜ்மென்டுக்கு 2 மெகாபிட் என்று வரம்பு போட்டால் க்யூபிஎஸ்கே-யிலும் 30 மிஞ்சும். வரம்பு இல்லாவிட்டால், போன் வீலேனில் யாராவது ஒரு லூப் போட்டால் போதும், மற்ற மூன்றும் பட்டினி கிடக்கும். மிச்சத்தைக் கேமராவுக்கும் இன்டர்நெட்டுக்கும் 60, 40 என்ற எடையில் பிரிக்கலாம். கேமராக் கணக்கையும் போட்டுவிடுங்கள்: 1080பி கேமரா ஒன்று 4 மெகாபிட் என்றால் பத்து கேமராவே க்யூபிஎஸ்கே முழுவதையும் தின்னும். மஞ்சக்குப்பத்திலேயே ரெக்கார்டரை வைத்து, புதுச்சேரிக்கு சப் ஸ்ட்ரீம் மட்டும் அனுப்புவது மழைக்காலத்துக்கு நல்லது.

பிசிபி எங்கே எழுதப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். போன் அக்சஸ் போர்ட்டில் டேக் இல்லாமல் செருகியிருந்தால் சுவிட்ச் டேக் போடும்போது பிசிபி 0 என்றே எழுதும். ரேடியோவில் எத்தனை வரிசை கட்டினாலும் போன் கடைசி வரிசையில்தான் நிற்கும். அந்த போர்ட்டின் இயல்பு முன்னுரிமையை 5 ஆக்குங்கள், அல்லது போன் ஐபி தலைப்பில் போடும் முன்னுரிமை எண்ணான டிஎஸ்சிபி 46-ஐ 5-ஆக மாற்றும்படி சுவிட்சுக்குச் சொல்லுங்கள். ரேடியோவின் க்யூ கவுன்ட்டரில் போன் வரிசை எண்ணிக்கை ஓடுகிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இன்னொன்று: ஈதர்நெட் ஃப்ளோ கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள். பஃபர் நிரம்பும்போது ரேடியோ 'சற்று நிறுத்து' என்னும் பாஸ் (pause) ஃபிரேம் அனுப்பினால் சுவிட்ச் மொத்த போர்ட்டையும் நிறுத்தும். அதில் போனும் சேர்ந்தே நிற்கும்.

ஃபைபர் வரும்போது வளையம் உருவாகிறது. மின்கம்பம் சாயும் புயலில் கம்பத்தோடு போகும் ஃபைபர் அறும், ரேடியோ தாங்கும். கொட்டும் மழையில் ரேடியோ தளரும், ஃபைபர் தாங்கும். ஆகவே இரண்டும் வேண்டும் என்பது சரியான முடிவு. ஆனால் செருகும் முன் வளையத்தில் லூப் வராமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ பாக்கெட்டுகளை ரேடியோ கடத்துகிறதா என்று சோதியுங்கள். பிபிடியு என்ற அந்த ஃபிரேம் போகும் முகவரி 01-80-சி2-00-00-00. விதிப்படி நடக்கும் சாதாரணப் பிரிட்ஜ் அதை முன்னே அனுப்பாது. இரண்டாம் ரக ரேடியோ அதை விழுங்கிவிட்டால் முதலியார்பேட்டை சுவிட்ச்சும் கிருமாம்பாக்கம் சுவிட்ச்சும் ரேடியோ வழியாக ஒன்றையொன்று பார்க்காது. ஃபைபர் செருகிய நொடியில் லூப், நான்கு வீலேனும் பிராட்காஸ்ட் புயலில் போகும். ரேடியோவில் பிபிடியு-வை டனல் செய் என்ற தேர்வு இருக்கும், அதை வையுங்கள். பிறகு கிருமாம்பாக்கம் சுவிட்ச்சில் ரூட் பிரிட்ஜ் (ஸ்பானிங் ட்ரீயின் தலைமை சுவிட்ச்) எது என்று பாருங்கள். முதலியார்பேட்டையின் முகவரியை அது காட்டினால் பிபிடியு வருகிறது என்று பொருள். மூன்றாம் சுற்றில் டேக் இல்லாததை நீக்கும்போதும் இதைத் திரும்பப் பாருங்கள், ஏனெனில் ஸ்பானிங் ட்ரீயின் வேகமான வடிவமான ஆர்எஸ்டிபி-யின் பிபிடியு டேக் இல்லாமலேயே போகும்.

லிங்க் ஸ்டேட் ப்ரோபகேஷன் என்ற வசதி, காற்றில் லிங்க் விழுந்தால் ரேடியோ தன் ஈதர்நெட் போர்ட்டையும் அணைத்து சுவிட்சுக்குச் சொல்வது. வளையத்துக்கு நல்லதுதான். ஆனால் மேனேஜ்மென்ட் அதே கேபிளில் போகிறது என்றால், லிங்க் விழுந்து நீங்கள் ரேடியோவைப் பார்த்தே ஆக வேண்டிய அந்த நேரத்தில் அதுவும் மறையும். ரேடியோவில் தனி மேனேஜ்மென்ட் போர்ட் இருந்தால் அதற்கு இரண்டாவது கேபிள் இழுத்து 900-க்கு அக்சஸ் போர்ட்டில் செருகுங்கள். இல்லாவிட்டால் இந்த வசதியை அணைத்துவிட்டு ஆர்எஸ்டிபி-யை நம்புங்கள்; சில நொடி தாமதம், அவ்வளவுதான். மாடுலேஷன் குறைந்தும் லிங்க் விழாமல் இருக்கும்போது இது தூண்டப்படாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எல்லாம் சரியாகப் போட்டும் ஒரு வீலேன் மட்டும் போகவில்லை என்றால் மேக் டேபிளைப் பின்தொடருங்கள். மஞ்சக்குப்பம் கேமராவின் முகவரி மஞ்சக்குப்பம் சுவிட்சில் 300-இன் கீழ் தெரிகிறதா, கிருமாம்பாக்கம் சுவிட்சின் தெற்கு போர்ட்டில் தெரிகிறதா, முதலியார்பேட்டையில் தெரிகிறதா. எந்த இடம் வரை தெரிந்து எங்கே நிற்கிறதோ, அந்த இரண்டுக்கும் நடுவில்தான் பட்டியலில் விடுபட்டிருக்கும். முகவரி முனை வரை வந்தும் பிங் இல்லை என்றால் திரும்பும் பாதையைப் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் அனுமதி இல்லாத போர்ட் அடிக்கடி அகப்படும்.

எந்த வீலேனிலும் 100 மெகாபிட்டைத் தாண்டவில்லை என்றால் கான்ஃபிக்கை மூடிவிட்டு கேபிளைப் பாருங்கள். கடற்காற்று உப்பில் ஆர்ஜே-45 ஊசிகள் பச்சை பிடித்து, எட்டில் 4, 5, 7, 8 ஆகியவற்றில் ஒன்று தொடர்பை விட்டாலே போர்ட் 1000-இல் இருந்து 100-க்கு இறங்கிவிடும், சிஆர்சி (ஃபிரேம் சிதைந்து வரும்) பிழையும் ஏறும். வெளியே உள்ள முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்து, சுற்றி நீர்புகாத டேப் ஒட்டி, கேபிள் ரேடியோவுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள்.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஏழு கருவியிலும் கான்ஃபிக்கைச் சேவ் செய்து, கோப்பை இறக்கித் தேதியோடு பெயரிட்டு வையுங்கள். பல கருவிகளில் மாற்றம் உடனே ஓடத் தொடங்கும், ஆனால் சேவ் செய்யாவிட்டால் அடுத்த மின்வெட்டில் பேட்டரி தீர்ந்து எழும்போது பழையதே வரும். கிருமாம்பாக்கம் சுவிட்ச் அப்படி எழுந்தால், இன்று நீங்கள் கேட்டிருக்கும் அதே கோலத்தில் மஞ்சக்குப்பம் மீண்டும் மறையும். அதனால் மூன்றாம் சுற்றுக்கு முன் ஒரு முறை, ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில், கிருமாம்பாக்கம் சுவிட்ச்சை நீங்களே ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்துவிடுங்கள்.